இழுவைக் கொக்கி: சபரகமுவத் தோட்டங்களில் எஸ்டேட் கார்கள்

'எஸ்டேட் கார்' என்ற பெயரைக் கேட்டவுடன் இலங்கைத் தோட்டப் பகுதிகளில் பிறந்தவர்களுக்குத் தேயிலையும் இறப்பரும் லயக் காம்பராவும்தான் நினைவுக்கு வரும். எங்கள் தோட்டங்களுக்காகவே வெள்ளைக்காரன் செய்து அனுப்பிய கார் அது என்று நம்புகிற முதியவர்களை இறக்குவானைப் பக்கத்தில் நான் பலமுறை சந்தித்திருக்கிறேன். சொல்லின் வரலாறு வேறு. இங்கிலாந்தின் நாட்டுப்புறப் பிரபுக்கள் தங்கள் பண்ணை நிலங்களில் வேட்டைத் துப்பாக்கிகளையும் நாய்களையும் விருந்தினரின் பெட்டிகளையும் ஏற்றிச் செல்ல வைத்திருந்த, பின்பகுதி நீண்ட வண்டிக்கே அப்பெயர் வந்தது. அமெரிக்கர் அதே வகை வண்டியை ரயில் நிலையத்தோடு தொடர்புபடுத்தி 'ஸ்டேஷன் வேகன்' என்றனர். ஆயினும் எங்கள் முதியவர்களின் நம்பிக்கையை முற்றிலும் பொய் என்று தள்ளிவிட முடியாது. பிரபுக்களின் பண்ணையில் அந்தக் கார் செய்ததைவிடக் கடினமான வேலையை அது இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களில்தான் செய்தது. அதைச் செய்ய வைத்த மனிதர்களைப் பற்றி எந்தத் தோட்ட வரலாற்று நூலிலும் ஒரு பக்கம்கூட எழுதப்படவில்லை என்ற மனக்குறை எனக்கு நெடுநாளாக உண்டு.

என் தாய்மாமன் இறக்குவானைப் பகுதித் தோட்டமொன்றில் சாரதியாக இருந்தார். அவரிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது ஒரு மொறிஸ் மைனர் டிரவலர். பெரிய துரை ஊருக்குத் திரும்பியபோது தோட்டத்துக்கே விட்டுச்சென்ற வண்டி அது. அதன் பின்புறத்தில் தொழிற்சாலைப் பட்டறையில் அடித்துப் பொருத்திய ஓர் இழுவைக் கொக்கி இருந்தது. அந்தக் கொக்கியில் இரண்டு சக்கர ட்ரெய்லர் ஒன்று மாட்டப்படும். உரமூட்டை, மருந்துப் பெட்டி, அரிசி, இயந்திர உதிரிப்பாகம், சில வேளைகளில் சவப்பெட்டி என எல்லாம் அதில்தான் போகும். கொழுந்துக்கு லொறி இருந்தது, பாரமான வேலைக்கு உழவு இயந்திரம் இருந்தது. இரண்டும் கிடைக்காத நேரமே தோட்டத்தில் அதிகம். அந்த நேரத்துக்கான வண்டி டிரவலர்.

மொறிஸ் மைனரை வடிவமைத்தவர் அலெக் இசிகோனிஸ். 1948இல் வெளிவந்த அந்தக் காரின் எஸ்டேட் வடிவமான டிரவலர் 1953இல் சந்தைக்கு வந்து 1971 வரை தயாரிக்கப்பட்டது. அதன் பின்பகுதியைத் தாங்கி நிற்பது மரச் சட்டம். அது அலங்காரத்துக்கு ஒட்டிய மரம் அன்று. ஆஷ் என்னும் மரத்தில் செய்த அந்தச் சட்டம் உளுத்தால் வண்டியின் பின்பாதியே தளர்ந்துவிடும். இயந்திரம் தொடக்கத்தில் 803 கன சென்றிமீற்றர், 30 குதிரைவலு. 1956இல் 948 ஆகி 37 குதிரைவலுவாயிற்று. 1962இல் 1098 ஆகி 48 குதிரைவலுவை எட்டியது. இன்றைய முச்சக்கர வண்டிக்காரர்கள் சிரிக்கமாட்டார்கள், மற்றவர்கள் சிரிக்கலாம். அந்த 37 குதிரைகளை நம்பித்தான் சூரியகந்தைப் பக்கத்து ஏற்றங்களில் ட்ரெய்லர் இழுத்தார்கள்.

எந்த வண்டி எந்தக் காலத்தது என்பதைத் தோட்டத்துப் பிள்ளைகள் இலக்கத் தகட்டைப் பார்த்தே சொல்லிவிடுவார்கள். ஈ.என்., ஈ.வை., ஈ.எல். என்று ஆங்கில எழுத்தோடு வந்தால் பழையது. சிங்கள 'ஸ்ரீ' எழுத்தோடு வந்தால் 1957க்குப் பிந்தியது. அந்த ஓர் எழுத்துக்காக வடக்கிலும் கிழக்கிலும் தமிழரசுக் கட்சி போராட்டம் நடத்தித் தார் பூசிய கதை வாசகர்கள் அறிந்ததே. 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்ட எங்கள் தோட்டத்து மக்களுக்கோ, ஸ்ரீ போட்ட காருக்கு இருந்த பதிவுகூடத் தமக்கு இல்லையே என்பதுதான் பேச்சாக இருந்தது.

1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி நெருக்கடி முற்றியது. கார் இறக்குமதி ஏறக்குறைய நின்றுபோயிற்று. உதிரிப்பாகங்களும் உரிமப் பத்திரம் இருந்தால் மட்டுமே வரும் என்ற நிலை. 1970இல் ஐக்கிய முன்னணி அரசு வந்த பிறகு பூட்டு மேலும் இறுகியது. அப்போது நிதியமைச்சராக இருந்தவர் கலாநிதி என்.எம். பெரேரா. அவர் பாராளுமன்றத்தில் பிரதிநிதித்துவம் செய்த தொகுதி எட்டியாந்தோட்டை, அதாவது கேகாலை மாவட்டத்தின் இறப்பர்த் தோட்டப் பகுதி. இறக்குமதிப் பூட்டின் திறப்பைக் கையில் வைத்திருந்த அமைச்சரின் தொகுதியிலேயே தோட்ட மெக்கானிக்குகள் பழைய கார்களுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது வரலாற்றின் குறும்பு. இன்னொரு குறும்பும் உண்டு. 1952இல் சீனாவோடு செய்துகொண்ட இறப்பர் – அரிசி ஒப்பந்தத்தின் பின்னர் இந்த மாவட்டங்களின் இறப்பர் கப்பல் கப்பலாகச் சீனா போயிற்று. காலையில் பால்வெட்டி இறப்பர் கொடுத்த ஊரில், காருக்கு ரயர் கிடைக்கவில்லை. சோவியத் உதவியோடு களனியில் அமைக்கப்பட்ட ரயர்க் கூட்டுத்தாபனத் தொழிற்சாலை 1967இல் உற்பத்தி தொடங்கிய பின்னரும், தேய்ந்த ரயருக்கு மேற்பட்டை போட்டு இரண்டாம் மூன்றாம் முறை ஓட்டுவதே வழக்கமாக இருந்தது.

உதிரிப்பாகம் தேடிக் கொழும்புப் பஞ்சிகாவத்தைக்குப் போவது ஒரு வழி. ஆனால் தோட்டத்துக்கு அதைவிட நெருங்கிய கராஜ் ஒன்று இருந்தது. தேயிலைத் தொழிற்சாலைகளில் ரஸ்டன், டாங்கி போன்ற எண்ணெய் இயந்திரங்கள் உருளைகளைச் சுழற்றின. அவற்றைப் பராமரிக்கக் கடைசல் இயந்திரமும் உலையும் கொண்ட பட்டறை தொழிற்சாலையிலேயே இருந்தது. அங்கே பெரும்பாலும் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளே வேலை பழகினார்கள். பள்ளியில் ஐந்தாம் வகுப்புக்கு மேல் போகாதவர்கள், ஒரு பித்தளைப் புஷ்ஷை நூலிழை பிசகாமல் கடைந்து கொடுப்பார்கள். அவர்கள் பெயர் சம்பளப் புத்தகத்தில் தொழிலாளி என்றே இருந்தது.

மாமனும் பட்டறைக்காரர்களும் பேணி வந்த அறிவைக் கொஞ்சம் விரிவாகவே எழுத விரும்புகிறேன். முதலாவது மரம். இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்கிறது. டிரவலரின் பக்கக் கண்ணாடிகள் வழுகித் திறக்கும் பள்ளத்தில் தண்ணீர் தேங்கிப் பாசி பிடிக்கும். பாசி பிடித்த இடத்தின் கீழே மரம் கறுத்தால் அங்கே ஈரம் இறங்கிவிட்டது என்று பொருள். கத்தி முனையால் குத்திப் பார்த்தால் உறுதியான மரம் எதிர்க்கும், உளுத்த மரம் உள்ளே விடும். பள்ளத்தில் உள்ள வடிகால் துளைகளை ஈர்க்குக் குச்சியால் குத்தித் திறப்பது எங்கள் மாமன் வீட்டில் ஞாயிற்றுக்கிழமைக் கடமை. ஆஷ் மரத்துக்கு எங்கே போவது? எங்கள் பக்கத்துத் தச்சர்கள் முதிர்ந்த பலா மரத்தில் சட்டம் இழைத்துக் கொடுத்தார்கள். சற்றுப் பாரம் கூடும், ஆனால் மழைக்கு நின்றது.

இரண்டாவது முன்சக்கரம். மொறிஸ் மைனரின் முன்சக்கரங்கள் திருகுமரை கொண்ட ஓர் இணைப்பில் திரும்புகின்றன. அந்த மரைக்கு முறையாகக் கிறீஸ் போகாவிட்டால் தேய்ந்து தேய்ந்து ஒருநாள் கழன்றுவிடும். சக்கரம் பக்கவாட்டில் சரிந்து வண்டி மூக்கால் நிலத்தை உழும். உலகெங்கும் இந்தக் கார் வைத்திருப்போர் அஞ்சுகிற பலவீனம் இது. தோட்டத்து மண்பாதையில் சேறு உட்புகுவதால் ஆயிரம் மைல் கணக்கெல்லாம் உதவாது. மாமன் இரண்டு கிழமைக்கு ஒருமுறை, முன்பகுதியை ஜாக்கியில் தூக்கி, பாரம் இல்லாத நிலையில் கிறீஸ் அடிப்பார். சக்கரம் நிலத்தில் இருக்கும்போது அடித்தால், பாரம் தாங்கும் பக்கத்துக்குக் கிறீஸ் போகாது என்பது அவர் கண்டுகொண்ட காரணம்.

பெற்றோல் பம்பு மின்சாரத்தில் இயங்குவது. சாவியைத் திருப்பியதும் 'டிக் டிக்' என்று அடித்து, கார்பரேட்டர் நிரம்பியதும் அடங்கும். அடிப்பது நிற்காவிட்டால் பெற்றோல் தீர்ந்திருக்கும் அல்லது எங்கோ கசியும். அடிக்கவே இல்லையென்றால் அதற்குள் உள்ள தொடுமுனைகள் கருகியிருக்கும். ஸ்பானரின் பின்புறத்தால் மெல்லத் தட்டினால் அப்போதைக்கு உயிர் வரும். வீடு வந்ததும் மெல்லிய உப்புத்தாளால் முனைகளைத் துடைக்க வேண்டும். தட்டினாலே ஓடுகிறதே என்று விட்டுவிடுபவன் சாரதி அல்லன், மேளக்காரன் என்பது பட்டறையின் கேலி. பிறேக் எண்ணெய்க்கான பிரதான உருளையோ சாரதியின் காலடியில், தளத்துக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. மிதியைத் தூக்கி மூடியைத் திறந்தால்தான் தெரியும். கண்ணில் படாததை யார் கவனிப்பார்? ஆகவே பலரது வண்டிகளில் எண்ணெய் குறைந்து, மிதி தளத்தைத் தொட்ட பிறகே தேடல் தொடங்கும்.

ஆற்று வெள்ளத்தில் இறங்கிய வண்டிக்குத் தனி வைத்தியம் உண்டு. இரத்தினபுரி வெள்ளத்துக்குப் பேர்போன நகரம். 2003 மே மாதத்திலும் 2017 மே மாதத்திலும் அது பட்ட பாடு அண்மைக்கால நினைவு. சூடாக ஓடிய பின்அச்சு குளிர்ந்த நீரில் அமிழும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, சுவாசத் துளை வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மறுநாள் அச்சின் எண்ணெயைச் சிறிது வடித்துப் பார்த்தால், பால் கலந்த தேநீர் நிறத்தில் இருக்கும். அந்த எண்ணெயோடு ட்ரெய்லர் இழுத்தால் பற்சக்கரம் போயிற்று. எஞ்சின் எண்ணெயும் அதே நிறத்தில் வந்தால் காரணம் வேறு. பெரும்பாலும் சிலிண்டர் தலையின் கஸ்கற் எரிந்து, குளிர்நீர் கலந்திருக்கும்.

இழுவை என்பது தனிக் கலை. ட்ரெய்லரின் பாரம் கொக்கியை எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் முதற் கேள்வி. அழுத்தம் மிகுந்தால் காரின் பின்புறம் அமுங்கி, முன்சக்கரம் இலகுவாகி, ஸ்டியரிங் பேச்சுக் கேளாது. குறைந்தால் ட்ரெய்லர் நாயின் வால்போல ஆடும். மொத்தப் பாரத்தில் நூற்றுக்கு ஐந்து முதல் ஏழு பங்கு கொக்கியில் இறங்குவது நல்லது என்பது இன்றைய கைநூல்கள் தரும் கணக்கு. முந்நூறு கிலோ ட்ரெய்லருக்கு ஏறத்தாழ இருபது கிலோ. மாமன் கைநூல் எதையும் கண்டவர் அல்லர். கொழுந்து நிறுக்கும் தொங்கு தராசில் ட்ரெய்லரின் மூக்கைத் தூக்கி நிறுப்பார். நிரம்பிய கொழுந்துக் கூடையின் எடை காட்டினால் சரி, இல்லாவிட்டால் மூட்டைகளை முன்பின் நகர்த்துவார். மலைத் தோட்டங்களில் கூடைக்கு இத்தனை, ஈரத்துக்கு இத்தனை என்று கொழுந்தின் எடையைக் கழிப்பது நூறாண்டு கடந்த வழக்கு. இந்தத் தராசு ட்ரெய்லரிடம் மட்டும்தான் உண்மை பேசும் என்று பெண்கள் சொல்லிச் சிரிப்பார்கள்.

மொறிஸ் மைனரில் முதலாம் கியர் ஓடிக்கொண்டிருக்கும்போது விழாது. வண்டி முற்றாக நின்றால்தான் பல் கடிக்காமல் விழும். வெறும் காருக்கு இது சிறு தொல்லை. செங்குத்தான ஏற்றத்தில், பிறேக் இல்லாத ட்ரெய்லரோடு, மழைச் சேற்றில் நிற்பது உயிர் ஆபத்து. நின்று மீண்டும் கிளம்பும்போது கிளச் கருகும், வண்டி பின்னால் வழுகும், பின்னால் வழுகும் ட்ரெய்லர் குறுக்கே மடியும். ஆகவே ஏற்றத்தின் அடியிலேயே முதலாம் கியரைப் போட்டு, உச்சிவரை அதிலேயே முனகிக்கொண்டு போக வேண்டும். இறக்கத்தில் ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும். டிரம் பிறேக்கைத் தொடர்ந்து மிதித்தால் சூடேறி வலுவிழக்கும், பின்னாலிருக்கும் பாரமோ தள்ளிக்கொண்டே இருக்கும். கித்துல்கலையிலிருந்து எட்டியாந்தோட்டைக்கு இறங்கிய லொறிச் சாரதிகளும் இதையே சொல்வார்கள்.

வசதியுள்ள தோட்டங்களில் பேஜோ 404 வந்தது. 1962இல் வெளிவந்த அதன் எஸ்டேட் வடிவம் 1618 கன சென்றிமீற்றர் எஞ்சினோடு, இழுவைக்கு மொறிஸைவிடப் பல மடங்கு தகுதியானது. அதைப் பட்டறைக்காரர்கள் கொண்டாடியதற்குக் காரணம் வலுவன்று. அதன் சிலிண்டர் உறைகள் கழற்றி மாட்டக் கூடியவை. எஞ்சின் கட்டையைக் கொழும்புக்குக் கொண்டுபோய்க் குடைய வேண்டாம், உறையை மாற்றினால் போதும். இறக்குமதி பூட்டப்பட்ட நாட்டுக்கு அதைவிடப் பொருத்தமான வடிவமைப்பு வேறில்லை. அதன் குளிர்விசிறி தேவையானபோது மட்டும் மின்காந்தத்தால் பற்றிக்கொண்டு சுழலும் நுட்பம் உடையது. பிரான்சுக்கு அது சிக்கனம். ட்ரெய்லரோடு பலாங்கொடையிலிருந்து ஹப்புத்தளைப் பக்கம் ஏறுகையில் மின்காந்தம் பற்றாவிட்டால் றேடியேற்றர் கொதிக்கும். எங்கள் ஆட்கள் அதன் திருகாணிகளை இறுக்கி, விசிறியை எப்போதும் சுழல வைத்தார்கள்.

இவ்வளவு நுணுக்கமாகப் பேணிய வண்டியில் யார் ஏறலாம் என்பதற்கும் கண்டிப்பான ஒழுங்கு இருந்தது. துரை, உத்தியோகத்தர், அவர்களின் குடும்பம். தொழிலாளி காருக்குள் ஏறுவது பிரசவம் சிக்கலானால், பாம்பு கடித்தால் மட்டுமே. அதுவும் துரை இசைந்தால். மற்ற வேளைகளில் நோயாளியைக் கம்பளியில் தூக்கி வருவார்கள் அல்லது கொழுந்து லொறிக்குக் காத்திருப்பார்கள். மாமனுக்கு ஒரு விதி உண்டு: ட்ரெய்லரில் மனிதரை ஏற்றமாட்டார். கொக்கி கழன்றால் ட்ரெய்லருக்குப் பிறேக் கிடையாது, பள்ளம்தான் கதி. கெஞ்சினாலும் திட்டினாலும் அவர் இளகியதில்லை.

1964 அக்டோபர் 30இல் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் கைச்சாத்தானது. ஒன்பது இலட்சத்து எழுபத்தையாயிரம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிகுதி 1,50,000 பேர் பின்னர் தீர்மானிக்கப்படுவர் என்று இரண்டு அரசுகளும் கணக்குப் பார்த்தன. 1974இல் அந்த மிகுதியும் பாதிபாதியாகப் பங்கிடப்பட்டது. பயணச்சீட்டு வந்த குடும்பங்களின் தகரப் பெட்டிகளையும் அம்மி குழவிகளையும் மாமனின் ட்ரெய்லர் ஒப்பநாயக்க ரயில் நிலையத்துக்கு இழுத்துச் சென்றது. 1912இல் இரத்தினபுரியையும் 1919இல் ஒப்பநாயக்கவையும் எட்டிய குறுகிய அகலக் களனிப் பள்ளத்தாக்குப் பாதை அது. கொழும்பு போய் அங்கிருந்து தலைமன்னார், பிறகு கடல் தாண்டி இராமேசுவரம். மலையகம் அந்த ரயில்களுக்கு 'ஒப்பாரிக் கோச்சி' என்று பெயர் வைத்தது. பெட்டிகள் ட்ரெய்லரில், ஆட்கள் பின்னால் நடை. ஆண்டுக் கணக்காக ஓடிய அந்தப் பயணங்களில்தான் கொக்கியின் முள் ஆணி இரண்டுமுறை தேய்ந்து மாற்றப்பட்டது.

1976இல் அவிசாவளைக்கு அப்பாலான ரயில் பாதை மூடப்பட்டது. அதற்கு முந்திய ஆண்டில் கம்பனித் தோட்டங்கள் அரசுடைமையாகியிருந்தன. துரைமார் மாறினார்கள், பழைய காரின் பெற்றோல் கணக்கைப் பார்த்துப் புருவம் நெரித்தார்கள். 1977இல் ஆட்சி மாறி இறக்குமதி திறந்துவிடப்பட்டதும் ஜப்பானிய வான்களும் பிக்கப்புகளும் வந்து இறங்கின. டிரவலர் தொழிற்சாலைக் கொட்டகையின் மூலைக்குப் போயிற்று. மாமன் மட்டும் கிறீஸ் அடிப்பதை நிறுத்தவில்லை. எதற்கு என்று கேட்டவர்களுக்கு, ஓடாத வண்டிக்குத்தான் துரு வேகமாகப் பிடிக்கும் என்றார்.

1981 ஆகஸ்டில் இரத்தினபுரி, காவத்தை, இறக்குவானைப் பகுதித் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் மீது வன்முறை கட்டவிழ்த்துவிடப்பட்டது. லயங்கள் எரிந்தன, மக்கள் காடுகளுக்குள் ஓடினார்கள். அக்காலத்தில் நான் கொழும்பில் இளம் நிருபன். எங்கள் மேசைக்கு வந்த செய்திகள் ஊர்ப் பெயர்களும் எண்ணிக்கையுமாக இருந்தன. மாமன் சொன்னதை நான் கேட்டது பல மாதங்களுக்குப் பிறகு. அவர் அதை ஒரு வாகனப் பழுதை விவரிப்பதுபோலவே சொன்னார். கீழ்ப்பிரிவு லயம் வீதியோரத்தில் இருந்தது. தொழிற்சாலை மேலே, இரும்புக் கதவோடு இருந்தது. லொறியை எடுத்தால் சத்தம் ஊருக்கே கேட்கும். டிரவலரில் ட்ரெய்லரை மாட்டினார். விளக்குப் போடவில்லை. ஏற்றத்தின் அடியில் முதலாம் கியரைப் போட்டு, பெண்களையும் குழந்தைகளையும் காருக்குள்ளும் ட்ரெய்லரிலுமாக ஏற்றி, நிற்காமல் மேலே போனார். மூன்று நடை. ட்ரெய்லரில் இருந்தவர்களிடம், கொக்கிப் பக்கமாக நெருங்கி உட்காரும்படி மட்டும் சொன்னாராம். பின்னால் சாய்ந்தால் மூக்குப் பாரம் குறைந்து ஆடும் அல்லவா? மேலே கதவைத் திறந்தும் மூடியும் நின்றவர் தொழிற்சாலையின் சிங்கள டீமேக்கர். மூன்றாம் நடையில் கிளச் மணந்தது என்றும், மறுநாள் காலை அதன் மிதியின் இடைவெளியைச் சரிசெய்தேன் என்றும் மாமன் முடித்துக்கொண்டார். ட்ரெய்லரில் ஆள் ஏற்றிய விடயத்தைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

1977இலும் 1981இலும் 1983இலும் சபரகமுவவை விட்டு வெளியேறிய குடும்பங்களில் பல வவுனியா, கிளிநொச்சிப் பகுதிகளில் குடியேறின. காந்தியம் அமைப்பு அவர்களிற் பலருக்குக் காணி வெட்டிக் கொடுத்தது. பட்டறையில் கடைசல் பழகிய இருவரை நான் பின்னாளில் வவுனியாவில் கண்டேன். நீரிறைக்கும் இயந்திரம் திருத்திக்கொண்டிருந்தார்கள். அவர்களின் கைப்பழக்கம் தோட்டத்தை விட்டுப் போனபோது தோட்டம் எதை இழந்தது என்று எந்தக் கூட்டுத்தாபனமும் கணக்கெடுக்கவில்லை. 1992இல் தோட்டங்கள் மீண்டும் கம்பனிகளின் நிர்வாகத்துக்குப் போனபோது, பட்டறைகள் பலவற்றில் கடைசல் இயந்திரமே பழைய இரும்பு விலைக்குப் போயிற்று.

அதே 1990களின் தொடக்கத்தில் நிகழ்ந்த ஒரு செய்தி எனக்கு இன்றும் வியப்பு. இங்கிலாந்தின் பாத் நகரில் சார்ள்ஸ் வெயர் என்பவர், பழைய மொறிஸ் மைனர்களைப் புதுப்பிப்பதற்கென்றே ஒரு நிலையம் நடத்தினார். நீடித்துழைக்கும் காரைத் திருத்தித் திருத்தி ஓட்டுவதே சிக்கனம் என்று வாதிட்டவர். அந்தக் காரின் உதிரிப்பாகங்களைச் செய்வதற்கு அவர் கூட்டாளி தேடி வந்த இடம் இலங்கை. மொறிஸைப் பெற்ற நாடு, அதற்கு உடற்தகடு அடிக்கத் தெரிந்தவர்களை எங்களிடம் கண்டது. தட்டுப்பாடு கற்றுக்கொடுத்த தொழில் அது என்பதால் அதைப் புகழ்வதில் எனக்குத் தயக்கமும் உண்டு. பிறேக் ரப்பர் கிடைக்காமல் சைக்கிள் டியூபை வெட்டிப் போட்ட சாரதிகளையும், அப்படிப் போட்டதால் பள்ளத்தில் விழுந்தவர்களையும் அறிந்தவன் நான். தோட்டங்களில் உழவு இயந்திர ட்ரெய்லர்களிலும் லொறிகளிலும் மனிதர் ஏற்றப்படுவது இன்றும் நின்றபாடில்லை.

2020 மார்ச்சில் வாகன இறக்குமதி மறுபடி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு அது 2025 பெப்ரவரியில்தான் திறந்தது. 2022 யூலையில் எரிபொருள் அனுமதி அட்டை வந்தபோது ஒரு காருக்குக் கிழமைக்கு 20 லீற்றர். கொட்டகைகளில் கிடந்த டிரவலர்களையும் 404களையும் இளைஞர்கள் தேடி எடுத்துத் துடைத்தார்கள். அவர்களிற் சிலர் என்னிடம் விலை கேட்கிறார்கள். விலை எனக்குத் தெரியாது, பார்க்க வேண்டியவை தெரியும். டிரவலரானால் வண்டியின் மினுக்கத்தைப் பார்க்க வேண்டாம், கண்ணாடிப் பள்ளத்தில் கத்தியை வையுங்கள். முன்பகுதியை ஜாக்கியில் தூக்கிச் சக்கரத்தை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். இழுவைக் கொக்கி இருந்தால் அதைப் பொருத்திய இடத்தின் தகடு வெடித்திருக்கிறதா என்று கீழே படுத்துப் பாருங்கள். பழைய டைனமோவோடு இருக்கும் வண்டியானால் பற்றறியின் நேர்முனைதான் உடம்போடு இணைக்கப்பட்டிருக்கும். இன்றைய வழக்கத்தில் எதிர்முனையை இணைத்துவிட்டு, புதிதாகப் பொருத்திய வானொலி கருகிவிட்டதே என்று பட்டறைக்காரனைத் திட்டாதீர்கள்.